மெஷின் ஹெட்: இரண்டாவது கிட்டார் கீபோர்டில் இருக்கிறது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காட்பாடியில் படிக்கும் ஐந்து பேர்: ஒரு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ், பாடகர், சர்ச் பாடகர் குழுவில் வாசித்துப் பழகிய ஒரு கீபோர்ட்காரர். மே மாதம் சத்துவாச்சாரியில் ஒரு மண்டபத்தில் 40 நிமிஷ மேடை. பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தை முழுக்க வாசிக்க ஆசை. ஒத்திகையில் எல்லாரும் சரியாகத்தான் வாசிக்கிறார்கள், ஆனால் ரெக்கார்டில் இருக்கும் கனம் வரவில்லை. கிட்டாரில் கெய்னை, அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்கும் திருகை, ஏற்ற ஏற்ற இன்னும் மோசமாகிறது. என்ன குறை?

குறை கிட்டாரில் இல்லை. இந்த ஆல்பத்தில் கேட்பது இரண்டு கிட்டார். ஒன்று ரிச்சி பிளாக்மோர் கையில் இருக்கிறது. மற்றொன்று கீபோர்ட்காரர் ஜான் லார்டின் ஹேமண்ட் என்ற எலக்ட்ரிக் ஆர்கன். ஆர்கனை வழக்கமான லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கரோடு விட்டுவிடாமல் மார்ஷல் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் செருகி, உறும வைத்தவர் அவர். உங்கள் கீபோர்ட் நேராக மிக்ஸருக்குப் போய், பளபளவென்று, எக்கோவோடு, கல்யாணக் கச்சேரி சத்தத்தில் வந்துகொண்டிருந்தால், ஐந்து பேரில் ஒருவர் வேறு கச்சேரியில் வாசிக்கிறார் என்று அர்த்தம். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் கிட்டார்காரர் கெய்னைத் திருகிக்கொண்டே போகிறார்.

ஆல்பம் எப்படிப் பதிவானது என்பது தெரிந்தால் இது இன்னும் புரியும். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரத்துக்குப் போகிறார்கள். அங்கிருந்த கேசினோ அரங்கில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டூடியோ லாரியை வெளியே நிறுத்தி, பதிவு செய்வதாகத் திட்டம். டிசம்பர் 4 அன்று அதே அரங்கில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி நடக்கும்போது கூட்டத்தில் யாரோ ஃபிளேர் என்ற வெளிச்சக்குண்டுத் துப்பாக்கியைச் சுட, கட்டடமே எரிந்துபோனது. ஏரிக்கு மேல் புகை படர்ந்து நின்றதுதான் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ என்ற தலைப்பு. நம் வேலூர்க் கோட்டை அகழியின் மேல் புகை கவிந்து நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள், பாட்டு பாதி புரிந்துவிடும். பிறகு பெவிலியன் என்ற அரங்குக்கு மாறினார்கள். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே ஒரு பாட்டின் அடிப்படைப் பதிவு முடிந்துவிட்டது. அது இந்த ‘ஸ்மோக்’தான். மற்றவை எல்லாம் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில், மெத்தைகளை அடுக்கிச் சத்தத்தை அடக்கி, டிசம்பர் 21-க்குள் பதிவானவை. ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச். பதிவானதைக் கேட்க வேண்டுமென்றால் அறைகள், பால்கனி, முற்றம் என்று சுற்றிக்கொண்டு லாரிக்குப் போகவேண்டும். சலித்துப்போய், வாசித்தபோது நன்றாக இருந்தால் அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள். ஆகவே நீங்கள் கேட்பது பெரும்பாலும் ஐந்து பேர் ஒரே இடத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தது. ஐந்து பேர் சேர்ந்து வாசித்தே எட்டக்கூடிய ஆல்பம் இது என்பது உங்களுக்கு நல்ல செய்தி.

முதலில் கீபோர்டைச் சரிசெய்வோம். வீட்டு உபயோக யமஹா, கேசியோ எதுவானாலும் பரவாயில்லை. ‘ராக் ஆர்கன்’ அல்லது ‘டிராபார் ஆர்கன்’ குரலைத் தேர்ந்தெடுங்கள். டிராபார், அதாவது இழுத்துத் தள்ளும் கட்டைகள், இருந்தால் ஒன்பதில் முதல் மூன்றை முழுக்க இழுத்து, மீதி ஆறையும் உள்ளே தள்ளிவிடுங்கள். ரிவெர்ப், கோரஸ், சுழலும் ஸ்பீக்கர் எஃபெக்ட் மூன்றையும் அணையுங்கள். கீபோர்டின் வால்யூமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்கவேண்டாம். அதன் லைன் அவுட் கிட்டாரைவிடப் பல மடங்கு பலமானது; நேராக ஓவர்டிரைவ் பெடலில் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் மிதி) விட்டால் உறுமாது, கிழியும். இடது, வலது இரண்டு அவுட் இருந்தால் மோனோ என்று எழுதியிருக்கும் ஒன்றை மட்டும் எடுங்கள். அங்கிருந்து ஒரு சாதாரண ஓவர்டிரைவ் பெடல், அதிலிருந்து ஒரு கிட்டார் ஆம்ப், அந்த ஆம்ப் முன்னால் ஒரு மைக். பெடலில் டிரைவ் பாதிக்குக் கீழே.

சர்ச்சில் பழகிய கைக்கு இதில் ஒரு லாபமும் ஒரு சிக்கலும் உண்டு. லாபம்: ஆர்கனில் சஸ்டெய்ன் பெடல் கிடையாது, விரலை மாற்றி மாற்றி வைத்து ஸ்வரத்தைத் தொடரும் பழக்கம் ஏற்கனவே இருக்கும். சிக்கல்: கீர்த்தனைக்கு வாசிப்பதுபோல் நான்கு குரலையும் நிறைத்துக் கார்டு பிடித்தால், டிஸ்டார்ஷனில், அதாவது அந்தக் கரகரப்பில், எல்லாம் கலங்கி சேறாகிவிடும். டிஸ்டார்ஷன் என்பது இரண்டு ஸ்வரங்களின் கூட்டலையும் கழித்தலையும் புதிய ஸ்வரங்களாக உண்டாக்கும் வேலை. நான்காவது (ச-ம), ஐந்தாவது (ச-ப) இடைவெளிகளில் அப்படி உண்டாவது அதே சுருதிக்குள் விழும். மூன்றாவது (ச-க) இடைவெளியில் உண்டாவது பல சமயம் வெளியே விழும். ஆகவே இடது கையில் மூன்றாவதை விட்டுவிடுங்கள், வலது கையில் ஒன்று அல்லது இரண்டு ஸ்வரம் போதும்.

இதே கணக்குதான் ‘ஸ்மோக்’ ரிஃபின், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்த ஸ்வரக் கோர்வையின், ரகசியமும். ஊரில் கிட்டார் தொட்ட முதல் வாரத்தில் எல்லாரும் வாசிப்பதும், பத்தில் ஒன்பது பேர் தப்பாக வாசிப்பதும் இதுதான். ஜி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் அது ச க ம, ச க ப்ரதி-ம ம, ச க ம, க ச. காந்தாரம் சாதாரண காந்தாரம். சுத்த மத்யமத்தையும் பிரதி மத்யமத்தையும் அடுத்தடுத்துத் தொடுகிறது, அந்த உரசல்தான் அதன் காரம். ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக வருவதில்லை. கீழே ஒரு நான்காவது இடைவெளியில் இன்னொரு ஸ்வரம் கூடவே வருகிறது. ஏ, டி கம்பிகளில் ஐந்தாம் கட்டம்; பிறகு டி, ஜி கம்பிகளில் மூன்றாம் கட்டம், ஐந்தாம் கட்டம்; உரசல் வருமிடத்தில் ஆறாம் கட்டம். அவ்வளவுதான் கைவேலை.

இதைப் பவர் கார்டாக, அதாவது ஐந்தாவது இடைவெளியில், பிக் (கம்பியைத் தட்டும் சின்ன வில்லை) வைத்து வாசிப்பதுதான் பொதுவான தப்பு. பிளாக்மோர் பிக்கை விட்டுவிட்டு இரண்டு கம்பியையும் விரலால் ஒரே நேரத்தில் கிள்ளுகிறார். பிக் வைத்தால் முதல் கம்பி, அப்புறம் இரண்டாம் கம்பி என்று மிகச் சிறிய இடைவெளி விழும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளினால் இரண்டும் ஒரே அடியாக எழும்பும். கனம் எங்கிருந்து வருகிறது என்றால்: ஏ கம்பியின் ஐந்தாம் கட்டம் சுமார் 147 ஹெர்ட்ஸ், டி கம்பியின் ஐந்தாம் கட்டம் 196 ஹெர்ட்ஸ். கழித்தால் 49. அது இரண்டு ஸ்தாயி கீழே இருக்கும் அதே ஜி. யாரும் வாசிக்காத அந்த மந்திர ஷட்ஜத்தை ஆம்ப் தானே உண்டாக்கிக் கொடுக்கிறது. கெய்ன் அளவாக இருந்தால் அது தெளிவாக நிற்கும். அளவு மீறினால் அதற்கு மேல் நூறு இரைச்சல் ஏறிக்கொண்டு அதை மூடிவிடும். கெய்ன் பத்தில் நாலு அல்லது ஐந்து, மிட் ஏழு, டிரெபிள் ஆறு, பேஸ் மூன்று என்று தொடங்குங்கள். கடைசி ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தும்போது இரண்டு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழவேண்டும். விழாவிட்டால் கெய்னை இன்னும் குறையுங்கள்.

தாளத்திலும் ஒரு பொறி இருக்கிறது. நான்கு எண்ணிக்கை போட்டுக்கொள்ளுங்கள். முதல் சொற்றொடர் 1, 2, 3 என்று நேராக விழுகிறது. இரண்டாவது சொற்றொடர் 4-க்கு அடுத்த அரையில் தொடங்குகிறது. அடுத்த ஆவர்த்தனத்தில் 1-க்கு அடுத்த அரை, 2-க்கு அடுத்த அரை என்று தள்ளித் தள்ளி விழுந்து, கடைசி மத்யமம் மட்டும் 3-ல் நேராக இறங்குகிறது. மூன்றாவது மறுபடி நேர், முடிவு மறுபடி தள்ளி. பழகாதவர்கள் எல்லாவற்றையும் நேராகவே வாசித்துவிடுவார்கள். அப்போது அது நர்சரிப் பாட்டுபோல் ஆகிவிடும். கையால் தாளம் போட்டு, வாயால் ச க ம சொல்லிப் பாருங்கள். வாயில் வந்துவிட்டால் விரலில் தானே வரும்.

அடுத்தது, யார் எப்போது நுழைவது. கிட்டார் தனியாக ஆரம்பிக்கிறது. பிறகு ஹை-ஹாட்டும் (டிரம்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஜோடித் தாளத்தட்டு) ஆர்கனும். பிறகு முழு டிரம்ஸ். எல்லாருக்கும் கடைசியாகத்தான் ராஜர் குளோவரின் பேஸ். அந்தப் பேஸ் விழும்போது தரை இறங்குவதுபோல் இருக்கும். உங்கள் பேஸ்காரர் பொறுமையில்லாமல் முதல் சுற்றிலேயே நுழைந்தால் அந்த இறக்கம் போய்விடும், பாட்டில் அப்புறம் எதுவும் பெரிதாகத் தெரியாது. ஹை-ஹாட்டில் இயன் பெய்ஸ் வாசிப்பது பதினாறாம் பாகங்கள், அதாவது ஒரு அடிக்கு நான்கு தட்டல். நிமிஷத்துக்கு 112 அடி அளவில் நொடிக்கு ஏழுக்கு மேல் தட்டல். வேகம் கஷ்டமில்லை, சத்தமில்லாமல் வாசிப்பதுதான் கஷ்டம். குச்சியின் நுனி மட்டும் படட்டும். பல்லவிக்கு வரும்போது சி, ஏ ஃபிளாட் என்று போய் ஜி-யில் ரிஃபுக்குத் திரும்புகிறது. அந்த ஏ ஃபிளாட்டைத் தவறவிட்டால் பாடகர் அந்தரத்தில் நிற்பார்.

‘ஹைவே ஸ்டார்’ வேறு வகைப் பரீட்சை. 1971-ல் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் நகரத்துக்குக் கச்சேரிக்குப் போகும் பஸ்ஸில், பாட்டு எப்படி எழுதுவீர்கள் என்று ஒரு பத்திரிகையாளர் கேட்க, பிளாக்மோர் ஒரே ஸ்வரத்தை அடித்துக்காட்ட ஆரம்பித்ததில் பிறந்தது. அன்றிரவே மேடையில் வாசித்தார்கள். பாட்டு முழுக்க அந்த ஓட்டம் இருக்கிறது. நிமிஷத்துக்கு 170 அடி ஒட்டிய வேகம். பேஸ் எட்டாம் பாகங்களாக, அடிக்கு இரண்டாக, ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். விரலால் வாசிக்கும் பேஸ்காரர் மூன்றாம் நிமிஷத்தில் தளர்ந்துவிடுவார். பிக் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், குளோவரின் கூர்மையான சத்தமும் அதில்தான் வரும்.

இதில் இரண்டு சோலோ. முதலில் ஆர்கன், பிறகு கிட்டார். இரண்டிலும் பாக் காலத்து மேற்கத்திய சாஸ்திரிய இசையின் நடை தெரியும். கிட்டார் சோலோவின் கீழே ஓடுவது டி மைனர், ஜி மைனர், சி, ஏ என்ற சுழற்சி. சர்ச் இசையில் பழகியவருக்கு இது புதிதல்ல. பிளாக்மோர் வழக்கமாக அந்தந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பவர். இந்த சோலோவை மட்டும் முன்கூட்டியே கட்டி வைத்தார். அதனால்தான் இதை ஸ்வரத்துக்கு ஸ்வரம் வாசிப்பது நியாயம், மற்றவற்றில் நகல் எடுக்கவேண்டிய அவசியமில்லை.

கடைசியில் வரும் வேகமான பகுதி பதினாறாம் பாகம். 170 அடியில் நொடிக்கு 11 ஸ்வரத்துக்கு மேல். அதை நேராக முழு வேகத்தில் மோதிப் பார்த்தால் கை இறுகிவிடும், பிறகு இறுகிய கையோடுதான் அது பழகும். 90-ல் தொடங்குங்கள். நான்கு நான்கு ஸ்வரமாக வெட்டி, ஒவ்வொரு நான்கின் முதல் ஸ்வரம் பிக் கீழ்நோக்கி அடிக்கும்போது விழுகிறதா பாருங்கள். மூன்று முறை தொடர்ந்து சுத்தமாக வந்தால் 5 கூட்டுங்கள், ஒரு முறை தடுக்கினால் 10 குறையுங்கள். 140 வரை எளிதாகப் போய் அங்கே ஒரு வாரம் நின்றுவிடும். அங்கே பிரச்சினை விரலில் இருக்காது, பிக் கம்பிக்குள் ஆழமாகப் போவதில் இருக்கும். நுனி மட்டும் படும்படி பிடியை மாற்றினால் நகரும். ரெக்கார்டில் இந்தப் பகுதிக்கு மேல் பிளாக்மோரே இன்னொரு கிட்டாரை இணை ஸ்வரமாகப் பதிந்திருக்கிறார். உங்களிடம் இருப்பது ஒரே கிட்டார். அந்த இரண்டாவது வரியைக் கீபோர்ட்காரருக்குக் கொடுங்கள். ஆர்கன் கிட்டார் ஆம்பில் இருப்பதால் கூட்டத்தில் பாதிப்பேருக்கு வித்தியாசமே தெரியாது. கீபோர்டுக்கு ஆம்ப் வைக்கச் சொன்னதன் பலன் இங்கேதான் முழுசாகத் தெரியும்.

‘மேபி ஐம் எ லியோ’வைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது நஷ்டம். குளோவர், ஜான் லெனனின் ஒரு பாட்டில் ரிஃப் முதல் அடியில் தொடங்காமல் தள்ளித் தொடங்குவதைக் கேட்டு ஆசைப்பட்டு இதைக் கட்டினார். நம் கணக்கில் அனாகத எடுப்பு. சமம் காலியாகப் போகும், அதற்குப் பிறகுதான் ரிஃப் எழும். டிரம்ஸ் மட்டும் சமத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். வேகம் குறைவு என்பதால் எளிது என்று நினைக்கவேண்டாம். குறைந்த வேகத்தில்தான் ஐந்து பேரும் ஒன்றாக விழவில்லை என்பது வெளிச்சமாகும். உங்கள் குழு சேர்ந்து வாசிக்கிறதா என்று சோதிக்க இந்த ஆல்பத்தில் இதைவிட நல்ல பாட்டு கிடையாது. மெட்ரோனோமை 2, 4 அடிகளில் மட்டும் தட்டவிட்டு வாசியுங்கள். இரண்டு நிமிஷம் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருந்தால் மேடைக்குத் தயார்.

‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ டிரம்ஸ்காரருக்கும் பேஸ்காரருக்குமான பாட்டு. பெய்ஸ் தனியாக ஆரம்பித்துக் கொடுக்கிறார், நடுவில் குளோவருக்கு ஒரு பேஸ் சோலோ இருக்கிறது, முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் மறுபடி எழும்புகிறது. அந்தப் பொய் முடிவை மேடையில் வாசித்தால் கூட்டம் கைதட்ட ஆரம்பித்துவிடும்; நடுவில் மறுபடி நுழைய யார் தலையசைப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். டிரம்ஸ்காரராக இருப்பது நல்லது, அவர் கையில்தான் நுழைவு இருக்கிறது.

பெய்ஸ் இடது கைக்காரர். அவர் கிட்டின் வீடியோவைப் பார்த்துப் பழகும் வலது கைக்காரர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றி யோசிக்கவேண்டும். அவரிடம் கற்கவேண்டியது வேகத்தைவிட ஸ்னேரில் (அடியில் கம்பிகள் கட்டிய டிரம்) அடிகளுக்கு நடுவே மெதுவாக விழும் சின்னச் சின்னத் தட்டல்கள். தவிலில் பெரிய சொற்களுக்கு நடுவே விரல் நிரப்பிக்கொண்டே போகுமே, கிட்டத்தட்ட அந்த வேலை. ராக் டிரம்ஸ் என்றால் ஓங்கி அடிப்பது என்று நினைத்து அந்தத் தட்டல்களை விட்டுவிட்டால் பாட்டு நடக்காது, மிதிக்கும். வாடகை டிரம்ஸில் ஸ்னேர் தளர்ந்து கிடக்கும். மேல் தோலை எதிரெதிர் திருகுகளாகச் சமமாக இறுக்கி, அடியில் இருக்கும் கம்பிகளை இரைச்சல் நிற்கும் அளவுக்கு மட்டும் இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய தட்டல் கேட்கவே கேட்காது.

‘நெவர் பிஃபோர்’ ஆல்பத்திலிருந்து முதல் சிங்கிளாக வந்தது. கேட்க நன்றாக இருக்கும். உங்கள் பட்டியலில் அடித்துவிடுங்கள். அந்த சிங்கிளின் மறுபக்கத்தில் வந்த, ஆல்பத்தில் சேர்க்கப்படாத ‘வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்’ என்ற மெதுவான பாட்டு அதைவிட மேடைக்கு உதவும். நடுவில் மூச்சு விடவும், பாடகரின் குரலைக் காப்பாற்றவும் ஒரு மெதுவான பாட்டு தேவை. ஆல்பத்தில் அப்படி ஒன்று இல்லை.

‘லேஸி’ ஏழு நிமிஷத்துக்கு மேல். தொடக்கத்தில் லார்ட் தனியாக ஆர்கனை முனகவும் கீறவும் வைக்கிறார். பாடகர் வாய் திறக்க நான்கு நிமிஷத்துக்கு மேல் ஆகும். இது புளூஸ், ஸ்விங் நடை. எட்டாம் பாகங்கள் சமமாக விழாமல், மூன்றில் இரண்டு பங்கு நீளம், ஒரு பங்கு குறுகல் என்று நடக்கவேண்டும். திஸ்ர நடையில் ‘தகிட’ சொல்லி நடுவெழுத்தை விழுங்கிவிட்டால் அந்த நடை வந்துவிடும். ஒருவர் சமமாகவும் மற்றவர் ஸ்விங்காகவும் வாசிப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து. பெரும்பாலும் மெட்டல் கேட்டு வளர்ந்த கிட்டார்காரர்தான் சமமாக வாசிப்பார். ரெக்கார்டில் இயன் கில்லன் ஹார்மோனிகா வாசிக்கிறார். பாட்டு எஃப் சுருதியில் இருப்பதால், புளூஸ் முறையில் உறிஞ்சி வாசிக்க பி ஃபிளாட் ஹார்மோனிகா வேண்டும். எஃப் ஹார்மோனிகா வாங்கிவிட்டு வளைவுகள் வரவில்லையே என்று பலர் தலையில் கைவைப்பதுண்டு. கீபோர்ட்காரரின் தொடக்க சோலோவை லார்ட் வாசித்ததுபோலவே வாசிக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரு நிமிஷத்துக்கு மேல் போகவேண்டாம்; மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கீபோர்ட் ரிப்பேர் என்று நினைத்துவிடுவார்கள்.

‘ஸ்பேஸ் டிரக்கின்’ அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக ஏறும் ரிஃப். கையில் எளிது, தொண்டையில் கஷ்டம். 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பத்தில் இதை இருபது நிமிஷம் அளவுக்கு இழுத்தார்கள். நீங்கள் ஐந்து நிமிஷத்தில் முடியுங்கள்.

குரலைப் பற்றி. கில்லன் 1970-ல் ‘ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ இசைத்தட்டில் இயேசுவாகப் பாடியவர். கத்துவதற்கும் பாடுவதற்கும் நடுவே அவருக்கு ஒரு கதவு இருந்தது. அந்த உச்சங்களை நெஞ்சுக் குரலில் தள்ளினால் இரண்டாவது ஒத்திகையிலேயே தொண்டை கட்டும். கள்ளக்குரலில் ஏறி, அதைக் கொஞ்சம் கரகரப்பாக்குவதுதான் வழி. அதுவும் எட்டாவிட்டால் வெட்கப்படாமல் சுருதியை அரை ஸ்வரம் இறக்குங்கள். கிட்டாரும் பேஸும் எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் தளர்த்தினால் விரல் இடம் மாறாது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் மைனஸ் 1. அதைக் கீபோர்டின் ரெஜிஸ்ட்ரேஷன் மெமரியில் சேமித்துவிடுங்கள். நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறினால் கீபோர்ட் அணைந்து எழும்பும், டிரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அடுத்த பாட்டை அரை ஸ்வரம் விலகி ஐந்து பேரும் தொடங்குவீர்கள், காரணம் கண்டுபிடிக்க ஒரு பாட்டே ஆகிவிடும்.

இனி ஊர் விஷயம். வேலூரில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஏசி அறையில் சுருதி சேர்த்த கிட்டாரை மண்டபத்துக்குக் கொண்டுவந்தால் கம்பி சூட்டில் நீண்டு சுருதி இறங்கும். கிட்டாரை அரை மணி நேரம் முன்பே மேடையில், பெட்டியைத் திறந்து வைத்து, அங்கேயே சேருங்கள். கம்பியை இரண்டு நாள் முன்பு மாற்றுங்கள். அன்றைக்கே மாற்றினால் நீண்டுகொண்டே இருக்கும், ஒரு மாதம் முன்பு மாற்றினால் வியர்வையில் துருவேறியிருக்கும். டிரெமலோ கை உள்ள கிட்டார் என்றால், பின்னால் ஒரு மரக்கட்டையை வைத்துப் பாலத்தை (கம்பிகளின் அடிமுனை மாட்டியிருக்கும் தகடு) அசையாமல் நிறுத்துங்கள். மிதக்கும் பாலத்தில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும், அந்தப் பாட்டு அவ்வளவுதான்.

மண்டபம் என்பது கிரானைட் தரை, டைல்ஸ் சுவர், தகர அல்லது கான்கிரீட் கூரை. 25 மீட்டர் தள்ளி இருக்கும் பின்சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் மேடைக்கு வர சுமார் 0.15 நொடி ஆகும். ‘ஹைவே ஸ்டார்’ வேகத்தில் ஒரு எட்டாம் பாகம் 0.18 நொடிக்குச் சற்றுக் குறைவு. அதாவது எதிரொலி உங்கள் அடுத்த அடிக்குச் சற்று முன்பாக வந்து காலைத் தட்டும். டிரம்ஸ்காரர் அதைக் கேட்டு வாசிக்க ஆரம்பித்தால் வேகம் ஆட்டம் காணும். மோந்த்ரோவில் மெத்தை அடுக்கியதற்கும் காரணம் இதே இரைச்சல்தான். பின்சுவரில் ஷாமியானாத் துணியைத் தொங்கவிடச் சொல்லுங்கள், மேடையில் டிரம்ஸுக்கு அடியில் கனமான ஜமக்காளம் விரியுங்கள்; அது இல்லாவிட்டால் பேஸ் டிரம் கிரானைட்டில் வழுக்கிக்கொண்டே முன்னால் போகும். காலி மண்டபத்தில் சவுண்ட் செக் செய்யும்போது கேவலமாகத்தான் கேட்கும். ஆட்கள் உட்கார்ந்ததும் பாதி அடங்கும், அதற்காக ஈக்யூவை, அதாவது பேஸ், டிரெபிள் திருகுகளை, கன்னாபின்னாவென்று திருகவேண்டாம்.

மைக் செட்காரரிடம் மூன்று விஷயம் முன்பே பேசிவிடுங்கள். எக்கோ வேண்டாம், பாடகர் மைக்கில்கூட. அவர் பழக்கத்தில் போடுவார், நடுவில் ஒருமுறை ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்கன் ஆம்பின் மைக், கிட்டார் ஆம்பின் மைக் இரண்டும் ஒரே அளவில் வரவேண்டும். கீபோர்ட் என்றால் பின்னணி என்று அவர் தாழ்த்தி வைப்பார். மேடை ஆம்புகளும் மிக்ஸரும் ஒரே லைனில், எர்த் உள்ள மூன்று முள் பிளக்கில் இருக்கவேண்டும். வேறு வேறு ஃபேஸில் எடுத்து, எர்த்தும் இல்லாமல் விட்டால், கிட்டார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் படும் நேரத்தில் ஷாக் அடிக்கும். மல்டிமீட்டர் வைத்து மைக் வலைக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவே ஏசி வோல்ட் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியன் சரிசெய்யும்வரை யாரும் கிட்டாரைத் தொடவேண்டாம்.

முழு ஆல்பம் 37 நிமிஷத்துக்கு மேல். நடுவில் சுருதி சேர்ப்பதையும் கைதட்டலையும் சேர்த்தால் 40-ல் அடங்காது. ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ பாட்டையும் விட்டுவிட்டு, என் யோசனை இந்த வரிசை: ‘ஹைவே ஸ்டார்’ முதலில், கை சூடாக இருக்கும்போதே, ஆனால் பின்னறையில் பதினைந்து நிமிஷம் வாசித்துச் சூடேற்றிக்கொண்டு. அடுத்து ‘லியோ’. பிறகு ‘பிளைண்ட் மேன்’. ‘லேஸி’. ‘ஸ்பேஸ் டிரக்கின்’. கடைசியில் ‘ஸ்மோக்’. 34 நிமிஷத்துக்குள் முடியும். பழகும் வரிசை மட்டும் வேறு: முதல் வாரம் ‘ஸ்மோக்’கும் ‘லியோ’வும் மட்டும், கீபோர்ட் ஆம்பில் செருகியபடி. ஒரு மொபைலை அறையின் நடுவில் வைத்துப் பதிந்து கேளுங்கள். ரிஃபில் எது கிட்டார், எது ஆர்கன் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகிற அன்று ‘ஹைவே ஸ்டார்’ ஆரம்பிக்கலாம்.